கால்வாயில் விழும் மின்சாரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் பாசனக் கால்வாய்கள் பலவற்றை அன்றாடம் நடத்துவது விவசாயிகளே. தண்ணீர் பெறும் நிலக்காரர்கள் வாக்களித்து ஒரு வாரியம் அமைக்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று தீர்வை வைத்து, மதகு திறப்பது முதல் தூர் வாருவது வரை தாங்களே பார்த்துக்கொள்கிறார்கள். பாசன வட்டாரம் என்று இந்த அமைப்பைச் சொல்லலாம். நம் ஊர் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்கு உறவுமுறை. ஆனால் அதிகாரம் மிகக் கூடுதல். இவர்கள் நடத்தும் கால்வாய்களில் கணிசமானவை பியூரோ ஆஃப் ரிக்ளமேஷன் என்ற மத்திய அரசுத் துறை கட்டியவை, இன்றும் அதற்கே சொந்தமானவை.

இந்த வட்டாரங்கள் தங்கள் கால்வாயிலேயே மின்சாரம் எடுக்க வழிவிடும் இரண்டு சட்டங்களில் 2013 ஆகஸ்ட் 9 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். ஒன்று பியூரோவின் கால்வாய்களுக்கானது: 5 மெகாவாட் வரையிலான நிலையம் அமைக்கும் முதல் வாய்ப்பை, அந்தக் கால்வாயை நடத்தும் உள்ளூர் அமைப்புக்கே தர வேண்டும். மற்றது, மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத கால்வாய்களுக்கும் குழாய்களுக்கும். இதை ஒட்டி எழுந்த பயங்களும் ஆசைகளும் ஏராளம். இரண்டிலுமே பிழை இருக்கிறது.

‘மின்சாரம் எடுத்தால் வயலுக்குப் போகும் தண்ணீர் குறையும், மிச்சத்திலும் சத்து இருக்காது.’

நம்மிடையேயும் சிலரிடம் இருக்கும் நம்பிக்கைதான் இது. டர்பைன் தண்ணீரைக் குடிப்பதில்லை. அதன் வீழ்ச்சியை மட்டும் வாங்கிக்கொள்கிறது. நிலம் செங்குத்தாகச் சரியும் இடத்தில் கால்வாயை அதே சரிவில் ஓடவிட்டால், வேகம் கூடிக் கரையை அரித்துவிடும். அதனால் பொறியாளர்கள் கால்வாயைச் சற்றே சாய்வாகக் கொண்டுபோய், இடையிடையே படிபோல் இறக்குகிறார்கள். அந்த இடங்களை டிராப் என்பார்கள். படியின் அடியில் போட்ட கான்கிரீட் தளத்தில் மோதி, தண்ணீரின் விசை இரவும் பகலும் வீணாகிறது. வினாடிக்கு 10 கனமீட்டர் தண்ணீர் 10 மீட்டர் இறங்கினால், நல்ல டர்பைன் அதிலிருந்து 800 கிலோவாட்டுக்கு மேல் எடுக்கும். எடுத்தபின் தண்ணீர் ஒரு சொட்டும் குறையாமல் அதே கால்வாயில் தொடர்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரும் லோயர் கேம்ப் மின் நிலையத்தில் டர்பைனைச் சுழற்றிவிட்டுத்தான் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறது. அங்கே நெல் விளையாமல் போய்விடவில்லை.

சட்டமும் இதைக் காவல் காக்கிறது. பாசனத்துக்குத் தடங்கல் வரும் என்றால் மின் உற்பத்திக்கு ஒப்பந்தமே போடக்கூடாது என்று 1939ஆம் ஆண்டின் ரிக்ளமேஷன் சட்டம் சொல்கிறது. அந்த விதி அப்படியே இருக்கிறது. தண்ணீர் எப்போது, எவ்வளவு வரும் என்பதைப் பயிர் தீர்மானிக்கும். வருகிற தண்ணீருக்கு டர்பைன் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

‘நீர்மின்சாரம் என்றாலே அணை, மூழ்கிய ஊர், செத்த மீன்.’ பெரிய அணைகளைப் பார்த்து வளர்ந்த அச்சம் இது, அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் இங்கே பேசுவது மனிதர் வெட்டிய, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கால்வாய்களை. புதிதாக ஒரு ஆறும் மறிக்கப்படுவதில்லை.

மீனுக்கு நல்லது நடந்த ஊரும் உண்டு. ஓரிகன் மாநிலத்தின் த்ரீ சிஸ்டர்ஸ் பாசன வட்டாரம், தண்ணீரைக் கசியவிட்ட தன் மண் கால்வாய்களை ஆண்டுக்கணக்கில் குழாயாக மாற்றியது. மிச்சமான தண்ணீரில் ஒரு பங்கு விச்சஸ் ஓடைக்குத் திரும்பியது. கோடையில் வற்றிக்கிடந்த அந்த ஓடையில், மறைந்துபோன ஸ்டீல்ஹெட் மீனை மறுபடி விட முடிந்தது. குழாயில் தண்ணீர் தானே அழுத்தத்தோடு வந்ததால் பல விவசாயிகளின் பம்ப் மோட்டார்களுக்கு வேலை இல்லாமல் போனது. மீந்த அழுத்தத்தில் 700 கிலோவாட் நிலையம் ஒன்றையும் வட்டாரம் வைத்துக்கொண்டது. இந்த விஷயத்தில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்: கசிவை அடைக்கும் செலவுக்கு மின்சாரம் கைகொடுக்கிறது, கசிவு அடைபட்டதால் ஓடைக்கு உயிர் வருகிறது.

‘சட்டம் எல்லாக் கட்டுப்பாட்டையும் நீக்கிவிட்டது, அரசுச் சொத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டது.’ அப்படி இல்லை. பியூரோவின் கால்வாய் பியூரோவுக்கே சொந்தம். வட்டாரம் பெறுவது கட்டணத்துடன் கூடிய குத்தகை மட்டுமே. சுற்றுச்சூழல் சட்டமும் ரத்தாகவில்லை. பாதிப்பு குறைந்த பணிகளுக்கு உள்ள சுருக்கமான ஆய்வு முறையைக் கையாளச் சொல்கிறது சட்டம். மத்திய அரசு நிலத்தில் மின்கம்பி இழுப்பதற்கு அந்தச் சுருக்க வழி கிடையாது. மத்திய அரசுக்குச் சொந்தமில்லாத குழாய்களில் உரிமம் தேவையில்லை என்றாலும், மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்துக்கு அறிவிப்பு தர வேண்டும். மறுப்புச் சொல்லப் பொதுமக்களுக்கு முதலில் 45 நாள் அவகாசம் இருந்தது. 2018இல் வந்த திருத்தம் அதை 30 நாளாகச் சுருக்கி, உச்சவரம்பை 5 மெகாவாட்டிலிருந்து 40 மெகாவாட்டாக ஒரேயடியாக உயர்த்தியது. 5 மெகாவாட்டை எளிதாக்கியது சரி. அதைப் போல எட்டு மடங்கு பெரிய நிலையத்துக்கு 30 நாள் போதுமா என்பது நியாயமான கேள்வி. அதைக் கேட்பவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று ஒதுக்கக் கூடாது.

விவசாயிகளுக்கு மின்சாரம் நடத்தத் தெரியுமா என்ற சந்தேகத்துக்குக் கலிஃபோர்னியாவின் டர்லாக் பாசன வட்டாரம் பதில் சொல்லும். 1887இல் தொடங்கிய அது, 1923இல் டான் பெட்ரோ அணை எழுந்தது முதல் வீடுகளுக்கும் மின்சாரம் விற்றுவருகிறது.

இனி ஆதரவாளர்களின் மிகை. ‘கால்வாய்கள் நாட்டின் மின் தட்டுப்பாட்டைத் தீர்க்கும்’ என்று மேடைகளில் முழங்குகிறார்கள். பியூரோவே 2012இல் தன் கால்வாய்களைக் கணக்கெடுத்தது. உற்பத்திக்கு வாய்ப்புள்ள இடங்கள் 373. எல்லாம் சேர்த்துச் சுமார் 103 மெகாவாட். ஹூவர் அணை ஒன்றின் திறனே ஏறத்தாழ 2,080 மெகாவாட். ஒரு வட்டாரத்தின் பராமரிப்புச் செலவுக்கு இது பெரிய துணை, நாட்டின் மின் கணக்கில் சிறு துளி.

‘டர்பைன் வைத்தால் பணம் கொட்டும்’ என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை, ஏனென்றால் இதை நம்பிக் கடன் வாங்குவது சிறு விவசாயிகள். பெரும்பாலான கால்வாய்களில் தண்ணீர் ஏப்ரலில் வந்து அக்டோபரில் நின்றுவிடும். கடன் தவணை பன்னிரண்டு மாதமும் வரும். வறட்சி ஆண்டில் தண்ணீர் குறையும், வருமானமும் குறையும். மின்கம்பி தொலைவில் இருந்தால் இணைப்புச் செலவே திட்டத்தை முடக்கிவிடும்.

எல்லாம் கூடி வந்தாலும் விற்கும் இடத்தில் தடை நிற்கும். கொலராடோவின் மான்ட்ரோஸ் பகுதியில், 1909இல் திறந்த கன்னிசன் சுரங்கம் மலையைக் குடைந்து ஆற்றுத் தண்ணீரைச் சவுத் கால்வாயில் விடுகிறது. அந்தக் கால்வாயின் டிராப்களில் விவசாயிகளின் அன்கம்பாகரே நீர்ப் பயனாளர் சங்கத்துடன் சேர்ந்து டெல்டா-மான்ட்ரோஸ் மின் கூட்டுறவுச் சங்கம் அமைத்த இரண்டு நிலையங்கள் 2013இல் ஓடத் தொடங்கின. இரண்டும் சேர்ந்து 7.5 மெகாவாட். கால்வாயில் இன்னும் இறக்கம் மிச்சம் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டுறவு, தனக்கு மின்சாரம் வழங்கும் ட்ரை-ஸ்டேட் என்ற பெரிய கூட்டமைப்பிடமே 95 சதவீதத்தை வாங்க வேண்டும் என்று நெடுங்கால ஒப்பந்தத்தில் கட்டுண்டிருந்தது. உள்ளூரில் விளையும் மின்சாரத்துக்கு 5 சதவீத இடம்தான். தனியார் நிறுவனம் ஒன்று மேலும் நீர்மின்சாரம் தர முன்வந்தபோது வழக்கு ஒழுங்குமுறை ஆணையம் வரை போனது. 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி பெற்ற சிறு உற்பத்தியாளர் தரும் மின்சாரத்தைக் கூட்டுறவு வாங்கத்தான் வேண்டும், 5 சதவீத வரம்பு அதைத் தடுக்காது என்று 2015இல் ஆணையம் சொன்னது. அதன் பிறகும் இழுபறி ஓயவில்லை. பெருந்தொகை கொடுத்து அந்தக் கூட்டுறவு ட்ரை-ஸ்டேட்டை விட்டு வெளியேறியது 2020 ஜூலையில்தான்.