கழுவெளியில் பூநாரை பார்க்க

பறவை பார்க்கத் தான்சானியா போகும் கனவு இருக்கட்டும். கோட்டக்குப்பத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் போனால் கழுவெளி ஏரி. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வலசைப் பறவைகளுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். விடியற்காலையில் போங்கள், சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும்.

பூநாரை தலைகீழாக அலகை நீரில் வைத்து இரையை வடிகட்டித் தின்னும். மேய்ச்சலை நிறுத்திக் கூட்டமாகத் தலை தூக்கினால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள், உடனே பின்வாங்குங்கள். படத்துக்காகக் கைதட்டிக் கிளப்புவது கொடுமை: நெடுந்தூரம் பறந்து வந்த பறவை, தின்று சேர்த்த தெம்பை அதில் இழக்கிறது. ட்ரோன் வேண்டவே வேண்டாம். பைனாகுலர் போதும்.

பக்கத்து உப்பளப் பாத்தி வரப்புகளில் அனுமதி கேட்காமல் நடக்காதீர்கள். அது தொழிலாளர்களின் வேலையிடம்.