இலவசக் குடையும் எளியோர் கப்பலும்

முன்னுரை

வ.உ.சி.யின் கப்பல் கதையைப் படிக்கும்போது, குடை வரும் இடத்தில் வகுப்பே சிரிக்கும். காசும் வாங்காமல், கையில் ஒரு குடையும் கொடுத்து ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்களாம் வெள்ளைக்காரக் கம்பெனியார்! சிரித்து முடித்தபின் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். அன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் நாம் நின்றிருந்தால் எந்தக் கப்பலில் ஏறியிருப்போம்?

இது பழங்கதைக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. இன்று கணிப்பொறி உலகிலும் இதே காட்சி நடைபெறுகிறது. சிறு மென்பொருள் நிறுவனம் ஒன்று அரும்பாடுபட்டு ஒரு பொருளை உருவாக்கி விற்கிறது. சில காலத்தில் ஒரு மாபெரும் நிறுவனம் அதே வேலையைச் செய்யும் புதுப்பொருளை இலவசமாகவே தந்துவிடுகிறது. சிறியவர் என்ன செய்வார்? நம் ஊர்க் கதையைக் கைவிளக்காகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

நம் துறைமுகம் கண்ட போட்டி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டு வந்தது பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனி. அதனை எதிர்த்து, ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வழக்கறிஞர் வ.உ.சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபர் 16 அன்று சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 2 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கினார்.

முதலில் கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். பெரிய கம்பெனியின் நெருக்குதலால் வாடகைக்குக் கொடுத்தவர் கைவிரித்தார். வ.உ.சி. கொழும்பிலிருந்து வேறு கப்பல் பிடித்துச் சமாளித்தார். சொந்தக் கப்பல் இல்லாமல் நிலைக்க முடியாது என்று தெளிந்து, 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களைக் கொண்டு வந்தார்.

அப்போதுதான் கட்டணப் போர் மூண்டது. பெரிய கம்பெனி கட்டணத்தை 1 ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி 8 அணாவாக்கியது. உடனே பெரிய கம்பெனி, கட்டணமே வேண்டாம் என்றதோடு குடையும் கொடுத்ததாம். அதற்கு இது எப்படி இயன்றது? அந்தக் கம்பெனிக்கு வேறு பல கடல்வழிகள் இருந்தன. அங்கே வந்த இலாபம் இங்கே வந்த நட்டத்தைத் தாங்கியது. சுதேசிக் கம்பெனிக்கோ இருந்தது இந்த ஒரு வழிதான்.

போட்டி விலையோடு நிற்கவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். கொடிய தண்டனை கிடைத்தது. தலைவனை இழந்த கம்பெனி 1911-இல் மூடப்பட்டது. 1912 டிசம்பரில் அவர் சிறையிலிருந்து வெளிவந்தபோது அவர் கண்ட கனவுக் கப்பல்கள் நம் கடலில் இல்லை.

கணிப்பொறி உலகின் குடை

ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்காவில் நெட்ஸ்கேப் என்னும் இளம் நிறுவனம், இணையப் பக்கங்களைக் காட்டும் உலாவி ஒன்றை 1994-இல் வெளியிட்டுப் புகழ் பெற்றது. 1995-இல் மைக்ரோசாஃப்ட் தன் உலாவியைக் கொண்டு வந்தது; விரைவில் அதனை விண்டோஸுடன் சேர்த்தே இலவசமாகத் தந்தது. புதுக் கணிப்பொறியைத் திறந்தால் உலாவி அங்கேயே இருக்கும்போது, வேறொன்றை யார் தேடிப் போவார்? விண்டோஸில் வந்த இலாபம் அந்த இலவசத்தைத் தாங்கியது. குடை வேறு, கை ஒன்றே அன்றோ!

நெட்ஸ்கேப் தளர்ந்து, 1999-இல் மற்றொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. ஆனால் இங்கே ஒரு வேறுபாடு உண்டு. நம் துறைமுகத்தில் அரசு பெரியவர் பக்கம் நின்றது. அமெரிக்காவிலோ 1998-இல் அரசே மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது. மைக்ரோசாஃப்ட் தன் தனியுரிமையைக் காக்கச் சட்டத்துக்குப் புறம்பாக நடந்தது என்று 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறியது. நெட்ஸ்கேப் தன் மென்பொருளின் மூல நிரலை 1998-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அந்த விதையிலிருந்து பிறந்ததே 2004-இல் வந்த ஃபயர்பாக்ஸ். ஆகவே தோல்வியும் முழுத் தோல்வி ஆவதில்லை.

தென்காசிப் பக்கம் ஒரு பார்வை

இனி நம் அண்டை மாவட்டத்துக்கு வருவோம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனத்தின் அலுவலகம் உள்ளது. ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இது. 2005-இல் இணையத்திலேயே எழுதும் மென்பொருளை இது வெளியிட்டது. அடுத்த ஆண்டே கூகுள் அதே துறைக்கு வந்தது. ஆனாலும் சோஹோ மூழ்கவில்லை. வெளியார் முதலீட்டை நாடாமல், சிறு தொழில் நடத்துவோர்க்கு ஏற்ற விலையில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல மென்பொருள்களைச் செய்தது. பள்ளிப் படிப்பு முடித்த இளைஞர்க்குத் தானே பயிற்சியும் வேலையும் தந்தது. தன் பயனர்கள் 10 கோடி பேர் என்று 2023-இல் அறிவித்தது. ஒரே வழியை நம்பிய கப்பலாக அது இருக்கவில்லை.

அதற்கும் சோதனை வந்தது. அதன் ‘அரட்டை’ செயலியை 2025 செப்டம்பரில் திடீரென்று பெருங்கூட்டம் தரவிறக்கியது. ஆனால் நண்பர்களெல்லாம் வாட்ஸ்அப்பில் இருக்க, ஒருவர் மட்டும் இடம் மாறிப் பயன் என்ன? மேலும் எழுத்துச் செய்திகளுக்கு, அனுப்புவோரும் பெறுவோரும் மட்டுமே படிக்கக்கூடிய மறையாக்கம் அப்போது அதில் இல்லை. பலர் இக்குறையைச் சுட்டினர். நம்மவர் பொருள் என்னும் பற்று ஒருவரை வாசல்வரை அழைத்து வரும். உள்ளே இருத்துவது பொருளின் தரமே.

நாம் கற்பவை

1. பெரியவரோடு விலையில் மட்டும் மோதினால் சிறியவர் களைத்துப் போவார். பெரியவர் கவனியாத தேவையை அறிந்து தொண்டு செய்பவரே நிலைப்பார்.

2. போட்டி நேர்மையாக நடக்க நடுநிலையான சட்டம் வேண்டும்.

3. இலவசம் என்று வருவதன் விலையை யாரோ ஓரிடத்தில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது யார் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

முடிவுரை

அன்று இலவசக் கப்பலில் ஏறிய ஏழையைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. கொழும்புக்குப் பிழைக்கப் போகிறவனுக்கு 8 அணா பெரிய காசு. ஆயினும் ஒவ்வொரு பயணியும் வாங்கிய குடை, சுதேசிக் கப்பலில் ஓர் இடத்தைக் காலியாக்கியது என்பதும் உண்மை. இன்று நம் வீட்டுக் கைப்பேசியில் எதனை வைத்துக்கொள்வது என்று தீர்மானிக்கும் பெற்றோரும் நாமும் அதே துறைமுகத்தில்தான் நிற்கிறோம்.

மாணவியராகிய நமக்கு இன்னொரு கடமையும் உண்டு. உப்பளத்தில் நாட்கூலி பெறும் தாயின் கணக்கு, நாட்டுப்படகு மீனவரின் பங்குக் கணக்கு ஆகியவற்றைத் தொலைதூரத்துப் பெருநிறுவனத்தைவிட நாம் நன்கு அறிவோம். கணிப்பொறியைக் கற்று, அவர்களுக்கு உதவும் நல்ல மென்பொருளை நம்முள் ஒருத்தி ஒருநாள் எழுதலாம். வ.உ.சி.யின் பெயரைத் தாங்கி நிற்கும் நம் துறைமுகத்துக்கு அது நாம் செய்யும் நன்றிக்கடன் ஆகும்.