கார்புரேட்டர் எஞ்சினுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, தொடக்கக் கால மாருதி 800 ஆகிய மூன்றும் கார்புரேட்டரும் கையால் போடும் கியரும் கொண்ட கார்கள். இவற்றில் ஒன்றை இன்றும் ஓட்டுபவர் குற்றாலச் சீசன் நெரிசலிலும் புளியரை ஏற்றத்திலும் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் கடுத்துப்போய், புதிய ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒன்றை மாட்டிவிடலாமா என்று யோசிப்பது இயல்பு. பட்டறைகளில் இதற்குக் கிடைக்கும் பதில்களில் சரியானவையும் உண்டு, தவறானவையும் உண்டு.

நம்பிக்கை 1: கார்புரேட்டருக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ஒத்தே வராது.

உண்மை: ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பிறந்ததே கார்புரேட்டர் காலத்தில்தான். ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் வந்தது. அதன்பின் சுமார் 40 ஆண்டுகள் பெரும்பாலான ஆட்டோமேட்டிக் கார்கள் கார்புரேட்டரில்தான் ஓடின. தென்காசித் தெருக்களிலேயே இதற்குச் சான்று உண்டு. கைனடிக் ஹோண்டாவும், 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ்-6 விதிக்கு ஏற்ப மாற்றப்படுவதற்கு முந்தைய ஆக்டிவாக்களும் கார்புரேட்டரோடு பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்கைச் சேர்த்து ஓடியவையே.

நம்பிக்கை 2: எஞ்சினில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் புதிய கியர்பாக்ஸ் வேலை செய்யாது.

உண்மை: இது பாதி சரி. எப்போது கியர் மாற்றுவது, உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை எவ்வளவு அழுத்தத்தில் பிடிப்பது என்று முடிவுசெய்ய, வண்டியின் வேகமும் எஞ்சின் மேலுள்ள சுமையும் கியர்பாக்ஸுக்குத் தெரிந்தாக வேண்டும். சுமை எந்த வழியாகத் தெரியவருகிறது என்பதுதான் பழையதற்கும் புதியதற்கும் உள்ள வேறுபாடு.

1982-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 கியர்பாக்ஸ் சுமையைக் கார்புரேட்டரிலிருந்து வரும் கேபிள் ஒன்றின் மூலம் அறிந்தது. 1993-இல் அதே கியர்பாக்ஸ் 4எல்60-இ என்ற பெயரில் மின்னணு வடிவம் பெற்றபோது, கேபிள் போய் வயரும் சோலனாய்டுகளும் வந்தன. இரண்டாவது வகையைக் கார்புரேட்டர் எஞ்சினோடு சேர்க்க, தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றும் கார்புரேட்டரின் திராட்டில் தண்டில் ஒரு சென்சாரும் தேவை. சென்சாருக்கு 5 வோல்ட் கொடுக்கப்படும். ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது அது ஏறத்தாழ அரை வோல்ட்டும், முழுதாக மிதிக்கும்போது 4.5 வோல்ட்டுக்கு அருகிலும் திருப்பி அனுப்பும். அந்த அளவையும் வண்டியின் வேகத்தையும் கொண்டு பெட்டி கியரை மாற்றும்.

ஆறு, எட்டு கியர் கொண்ட அண்மைக்கால வகைகளுக்கு இது மட்டும் போதாது. அவை எஞ்சினின் டார்க் அளவையே எஞ்சின் கம்ப்யூட்டரிடம் கேட்டுப் பெறுபவை. வெளிநாடுகளில் இவற்றுக்கும் தனிப் பெட்டிகள் கிடைக்கின்றன. ஆனால் எஞ்சினின் டார்க் அட்டவணையை அளந்து அவற்றுக்குள் ஏற்ற வேண்டும்.

நம்பிக்கை 3: ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். மாருதி 800-இல் அப்படியே மாட்டலாம்.

உண்மை: இந்தியாவில் 2014-இல் மாருதி செலேரியோவோடு அறிமுகமான ஏ.எம்.டி.யின் பற்சக்கரங்கள் சாதாரண கியர்பாக்ஸுடையவைதான். கிளட்சையும் கியரையும் ஓட்டுநருக்குப் பதில் இயந்திரக் கை இயக்குகிறது. கியர் விழும் நொடியில் எஞ்சின் வேகத்தைத் தணிக்கவும் கூட்டவும் அது எஞ்சின் கம்ப்யூட்டருக்குக் கட்டளை அனுப்பும். கேபிளால் இழுக்கப்படும் கார்புரேட்டரிடம் அந்தக் கட்டளையை ஏற்க ஆள் இல்லை.

நம்பிக்கை 4: கார்புரேட்டரிலிருந்து போகும் கேபிள் கிக்டவுனுக்கு மட்டும்தான், சற்றுத் தளர்ந்தாலும் பாதகமில்லை.

உண்மை: பல வகைகளில் கிக்டவுனுக்கு, அதாவது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்ததும் கீழ்க் கியருக்கு இறங்குவதற்கு, மட்டும் ஒரு கேபிள் இருப்பது உண்மை. 700ஆர்4 போன்றவற்றில் கேபிள் உள் எண்ணெய் அழுத்தத்தையும் தீர்மானிக்கிறது. கேபிள் தளர்ந்தால் வண்டி மெத்தென்று கியர் மாறும். ஓட்டுநருக்கும் அது சுகமாகத் தோன்றும். உள்ளே அழுத்தம் போதாமல் தட்டுகள் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். சோதிக்கும் முறை எளிது. ஒருவர் ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்க, மற்றவர் பானட்டுக்குள் பார்க்க வேண்டும். கார்புரேட்டர் முழுதாகத் திறக்கும் அதே புள்ளியில் கேபிளும் கடைசிவரை இழுபட்டிருக்க வேண்டும். வேறு கார்புரேட்டரின் லீவர் நீளம் மாறுபட்டால் இந்தக் கணக்கு தப்பிவிடும்.

நம்பிக்கை 5: லேத்தில் ஒரு அடாப்டர் தட்டு கடைந்தால் வேலை முடிந்தது.

உண்மை: தட்டு பெல் ஹவுசிங்கை எஞ்சினோடு இணைக்கும், அவ்வளவுதான். பிளைவீலுக்குப் பதில் மெல்லிய பிளெக்ஸ் தட்டு வேண்டும். அதன் பல்வட்டம் செல்ஃப் மோட்டாருக்குப் பொருந்த வேண்டும். எஞ்சின் மையமும் கியர்பாக்ஸ் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கிளட்சின் இடத்தில் வரும் டார்க் கன்வெர்ட்டர், கியர்பாக்ஸ் எண்ணெய்ப் பம்பின் பற்களில் முழுதாக அமராமல் போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும்.

நம்பிக்கை 6: மேட்டில் திணறுவதற்குக் காரணம் உயரம், கார்புரேட்டருக்குக் காற்று போதாது.

உண்மை: கொடைக்கானலுக்கு இது பொருந்தும். சுமார் 2,100 மீட்டரில் காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. புளியரை ஏற்றம் சென்று சேரும் ஆரியங்காவுக் கணவாயோ ஏறத்தாழ 200 மீட்டர்தான். குறைவு சுமார் 2 விழுக்காடு. புளியரை வளைவுகளில் வண்டி திணறினால் கியர் விகிதத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான்காவது கியர் 0.7 விகித ஓவர்டிரைவாக இருந்தால், 1,489 சி.சி. அம்பாசிடர் எஞ்சினால் அதை மேட்டில் இழுக்க முடியாது. ஏறும்போது ஓவர்டிரைவை அணைக்க வேண்டும். இறங்கும்போது கீழ்க் கியரில் வந்தால்தான் எஞ்சின் பிடிக்கும்; டி (டிரைவ்) நிலையிலேயே விட்டால் சுமையின் பெரும்பகுதி பிரேக்கில் விழும்.

நம்பிக்கை 7: ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் நெரிசலில் ஆஃப் ஆகாது.

உண்மை: டி-யில் பிரேக் பிடித்து நிற்கும்போதும் டார்க் கன்வெர்ட்டர் எஞ்சினை இழுத்துப் பிடிக்கிறது. எரிபொருளை உட்செலுத்தும் (இன்ஜெக்ஷன்) எஞ்சினில் கம்ப்யூட்டர் வேகத்தைச் சரிக்கட்டும். கார்புரேட்டர் அப்படிச் செய்யாது. நியூட்ரலில் வைத்து ஏற்றினால் கியர் போடும்போது வண்டி உதைத்துப் பாயும். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, டி-யில் வைத்தே ஐடிலிங்கைச் சரிசெய்ய வேண்டும்.

நம்பிக்கை 8: எஞ்சின் சூடேறாவிட்டால் கியர்பாக்ஸும் சூடேறாது.

உண்மை: கன்வெர்ட்டர் வழுக்கும்போது எஞ்சினின் உழைப்பில் ஒரு பகுதி கியர்பாக்ஸ் எண்ணெயில் சூடாக மாறுகிறது. குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் ஊர்ந்து நிற்கும்போதும், மேட்டில் மெல்ல ஏறும்போதும் இதுவே நடக்கும். அம்பாசிடர் ரேடியேட்டரில் இந்த எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் கிடையாது. தனிக் கூலர் கட்டாயம். டிப்ஸ்டிக்கில் சிவப்பு எண்ணெய் பழுப்பாகிக் கருகிய வாடை அடித்தால் சேதம் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நம்பிக்கை 9: சொந்த வண்டி, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

உண்மை: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களோடு ஆர்.சி. முரண்படும்படி வாகனத்தை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே பட்டறையில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.