பச்சை பாக்கெட்டும் ஃப்ளெக்ஸ் கடையும்

சாரல் சமயத்தில் குற்றாலம் மெயின் அருவிக்குப் போகும் கடைத்தெருவைப் பார்த்திருப்பீர்கள். நேந்திரம் சிப்ஸ், அல்வா, மூலிகை எண்ணெய் என்று எதை விற்றாலும் பலகை ஒன்றுதான்: சிவப்பு, மஞ்சள், தடித்த எழுத்து. தலையைத் துவட்டிக்கொண்டு திரும்புகிறவருக்கு, போகும்போது பார்த்துவைத்த கடை எதுவென்று பிடிபடாது.

நம்பிக்கை: எழுத்து பெரிதாக, நிறம் பளிச்சென்று இருந்தால் கண்ணில் படும்.

பக்கத்துக் கடை அப்படி இல்லாவிட்டால் படும். பத்துப் பலகை சிவப்பில் கத்தும் இடத்தில், வெள்ளையில் கறுப்பாக ஒரே சொல் எழுதிய பலகைதான் தனியாகத் தெரியும். பின்னணிக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடும் முக்கியம். தென்காசி, செங்கோட்டை ரயில் நிலையப் பலகைகள் மஞ்சளில் கறுப்பாக இருப்பதால்தான் ஓடும் ரயிலிலிருந்தே ஊர்ப்பெயரைப் படித்துவிடுகிறோம்.

நம்பிக்கை: ஸ்டைல் கைடெல்லாம் பெரிய கம்பெனி சமாச்சாரம். மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோவுக்குச் சரி, சிப்ஸ் கடைக்கு எதற்கு?

காலையில் பால் வாங்குகிறவர் கொழுப்புச் சதவீதமா கேட்கிறார்? "பச்சை ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு" என்கிறார். ஆவினில் நீலம் சமன்படுத்திய பால், பச்சை நிலைப்படுத்திய பால், ஆரஞ்சு நிறைகொழுப்புப் பால். படிக்கத் தெரியாதவரும் தவறாமல் வாங்குகிறார். தென்காசி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 744-இல் கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சள். மாநில நெடுஞ்சாலைக்குத் திரும்பினால் பச்சை. எந்த நிறம் எதைச் சொல்லும் என்று ஒருமுறை முடிவுசெய்து, பிறகு கை வைக்காமலிருப்பதுதான் கைடு. சிப்ஸ் கடைக்கு ஒரு தாள் போதும்: நேந்திரத்துக்கு ஒரு நிறம், மரவள்ளிக்கு ஒரு நிறம், கடைப்பெயருக்கு ஒரே எழுத்துரு.

நம்பிக்கை: லோகோ அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வாக்கடை, லோகோ இருக்கட்டும், பெயர்ப்பலகைகூட இல்லாமலேதான் பேர் வாங்கியது.

நம்பிக்கை: ஆங்கிலத்துக்குப் போட்ட வடிவத்திலேயே தமிழையும் நிரப்பிவிடலாம்.

அதிகம் கெடுப்பது இதுதான். காசு கொடுத்துச் செய்த கைடிலும் ஆங்கில எழுத்துரு, அதன் தடிமன், லோகோவைச் சுற்றி விடவேண்டிய இடம் எல்லாம் இருக்கும். தமிழுக்கு ஒரு வரிகூட இருக்காது. ஃபைல் ஃப்ளெக்ஸ் கடைக்கு வரும். ஆபரேட்டர் கம்ப்யூட்டரில் இருக்கிற ஏதோவொரு எழுத்தைப் போடுவார். 'திருக்குற்றாலம்' கட்டத்துக்குள் அடங்காது; பக்கவாட்டில் நசுக்குவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கைடில் எதுவும் சொல்லப்படவில்லையே. நசுக்கினால் 'ண', 'ணை' வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டும். தமிழில் மேலே புள்ளியும் மேல்விலங்கும் ஏறும், கீழே 'கு', 'து', 'ழு' இறங்கும். ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியில் மேல்வரியின் 'ழு' கீழ்வரியின் 'கீ' தலையில் இடிக்கும். விசிட்டிங் கார்டு அளவில் புள்ளி மையோடு மறைந்து 'பால்' 'பால' ஆகிவிடும்.

இத்தனைக்கும் தமிழ்நாட்டில் கடைப் பலகைக்கு அரசு விதியே இருக்கிறது: தமிழ் முதலில், பெரிதாக, தமிழ், ஆங்கிலம், பிறமொழி 5:3:2 விகிதத்தில். எது பெரிது, எது சிறிது என்று டிசைன் வகுப்பில் சொல்லித்தருவதை விதி முன்பே முடிவுசெய்துவிட்டது. ஆங்கிலத்தை நடுவில் வைத்து லோகோ செய்துவிட்டு, தமிழுக்கு ஓரத்தில் இடம் தேடுகிறவர்கள் வேலையை வாலிலிருந்து தொடங்குகிறார்கள்.

கைடு செய்து தருகிறவரிடம் முதல் நாளே 'செங்கோட்டை', 'ஐந்தருவி', 'திருக்குற்றாலம்' மூன்றையும் அமைத்துக் காட்டச் சொல்லுங்கள். திரையில் பார்க்கும் நிறம் அச்சில் அப்படியே வராது. திரை ஒளியால் காட்டுகிறது, ஃப்ளெக்ஸ் மையால். ஆகவே ஒரு அடி ஃப்ளெக்ஸில் அச்சடித்த மாதிரியையும் கேட்டு வாங்கி, அடுத்த பலகைக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். ஆபரேட்டர் பிடிஎஃப்பைத் திறக்கமாட்டார், துண்டை மெஷின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.