இரவில் அடைபடும் மூச்சு, பகலில் இறங்காத பிரஷர்

மூணாறு மலையில் பள்ளிவாசல், சித்திரபுரம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயங்களில் ஒரு வீட்டுக் குறட்டை அடுத்த வீட்டுக்குக் கேட்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அங்கே குறைவில்லை. குறட்டையும் பிரஷரும் ஒரே ஆளிடம் இருக்கும்போது இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கவிடாமல் தடுக்கும் மூன்று நம்பிக்கைகள் இவை.

நம்பிக்கை 1: குறட்டை என்றால் அசந்த தூக்கம்.

உண்மை: எல்லாக் குறட்டையும் நோயல்ல. ஆனால் குறட்டை திடீரென நின்று, வயிறும் நெஞ்சும் மட்டும் ஏறி இறங்கி, காற்று உள்ளே போகாமல் பத்து வினாடிக்கு மேல் கழிந்து, பிறகு ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பினால் அது தூக்க மூச்சுத்திணறல். தொண்டைத் தசை தளர்ந்து காற்றுப்பாதை அடைபடுவதே காரணம். ஒவ்வொரு அடைப்பிலும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை பதறி உடம்பை எழுப்புகிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, பிரஷர் எகிறுகிறது. சாதாரணமாக இரவில் 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டிய பிரஷர் இவர்களில் பலருக்கு இறங்குவதே இல்லை. இரவுப் பதற்றம் நாளடைவில் பகலுக்கும் தொடர்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. மணிக்கு 15 முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைப்பட்டவர்களுக்கு, நான்கு ஆண்டுக்குப் பின் உயர் இரத்த அழுத்தம் இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு.

நம்பிக்கை 2: மெலிந்த, மலையேறி உழைக்கும் உடம்புக்கு இது வராது.

உண்மை: உடல் பருமன் பெரிய காரணம்தான், ஆனால் ஒரே காரணம் அல்ல. தாடை சிறுத்து, தொண்டை இயல்பிலேயே குறுகியிருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஆபத்து கூடுகிறது. அவர்களில் பலர் குறட்டையைச் சொல்வதில்லை. காலைத் தலைவலி, தூக்கமின்மை, தீராத அசதி என்றே சொல்வார்கள். நாளெல்லாம் சரிவில் நின்று கொழுந்து கிள்ளிய களைப்பு என்று அதை ஒதுக்கிவிடுவது எளிது. ஓய்வெடுத்தும் தீராத அசதியோடு பிரஷரும் இருந்தால் இரவு மூச்சைப் பற்றிக் கேட்டாக வேண்டும். குளிருக்கு இரண்டு மடக்கு குடித்தால் நல்ல தூக்கம் வரும் என்ற எண்ணமும் தவறு. மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி அடைப்பை நீட்டும், பிரஷரையும் ஏற்றும்.

நம்பிக்கை 3: மூச்சுக் கருவி வைத்தால் பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாம்.

உண்மை: ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவனும் அவர் குழுவினரும் 1981-இல் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து தொண்டையைத் திறந்து வைக்கிறது. மூச்சடைப்புக்கு அது சிறந்த சிகிச்சை. ஆனால் பிரஷரைச் சராசரியாக 2 முதல் 3 புள்ளி மட்டுமே குறைக்கிறது. பல மாத்திரைக்கும் அடங்காத பிரஷர் உள்ள 194 பேரிடம் ஸ்பெயினில் நடந்து 2013-இல் வெளியான ஆய்விலும், 24 மணி நேரச் சராசரி சுமார் 3 புள்ளிதான் கூடுதலாக இறங்கியது. மாத்திரையின் இடத்தை அது பிடிக்காது. அப்படியானால் கருவி எதற்கு என்று கேட்பது நியாயம். 2016-இல் வெளியான, 2,717 பேர் பங்கெடுத்த ஆய்வில் கருவி மாரடைப்பையோ பக்கவாதத்தையோ குறைக்கவில்லை என்பதும் மெய். ஆனால் அதில் சராசரிப் பயன்பாடு இரவுக்கு 3.3 மணி நேரமே; பாதி இரவு மூச்சு பழையபடி அடைபட்டிருக்கிறது. அதே ஆய்வில் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை தேறியது. வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் ஜீப் ஓட்டுகிறவருக்குப் பகல் தூக்கம் விலகுவதே உயிர்காக்கும் பலன்.

கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகுமே, எளியவர் என்ன செய்வது? எல்லோருக்கும் அது தேவைப்படாது. எடை கூடியவர் எடையைக் குறைத்தால் மூச்சடைப்பும் பிரஷரும் சேர்ந்தே இறங்கும். ஒருக்களித்துப் படுப்பது பலருக்கு உதவும். உப்பை நாளுக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும்; கருவாடும் ஊறுகாயும் அந்தக் கணக்கில் சேரும். சிறுநீர் பெருக்கி உட்பட மூன்று மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் பிரஷர் இறங்காதவர்களுக்குத் தூக்கப் பரிசோதனை அவசியம். ஸ்பைரனோலாக்டோன் போன்ற மாத்திரையைச் சேர்ப்பதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

அடுத்த முறை சித்திரபுரம் சமூக சுகாதார மையத்துக்குப் பிரஷர் பார்க்கப் போகும்போது, உங்கள் பக்கத்தில் படுப்பவரையும் அழைத்துப் போங்கள். இரவில் உங்கள் மூச்சு நிற்கிறதா என்பதை உங்களைவிட அவரே நன்றாக அறிவார். அவர் சொல்வதை மருத்துவரிடம் சொல்லுங்கள்; மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.