எழுமீன் சொல்லும் கதைகள்

நுழையும்முன்

விண்மீன்களைக் கோடுகளால் இணைத்து, அவற்றுக்கு உருவமும் கதையும் தந்தவன் மனிதன். அக்கதைகள் வெறும் கற்பனைகளா? அவற்றுள் கண்டறிந்த உண்மைகளும் பொதிந்துள்ளனவா?

ஏப்ரல், மே மாதங்களின் முன்னிரவில் வடதிசை வானை நோக்கினால், அகப்பை வடிவில் ஏழு விண்மீன்கள் ஒளிர்வதைக் காணலாம். நான்கு மீன்கள் கிண்ணமாகவும் மூன்று மீன்கள் காம்பாகவும் அமைந்திருக்கும். நற்றிணை இதனை எழுமீன் என்று குறிப்பிடுகிறது. புராணங்கள் ஏழு முனிவர்களாகக் கண்டு, சப்தரிஷி மண்டலம் என்றன. மேலைநாட்டார் பெருங்கரடி மண்டலத்தின் ஒரு பகுதியாகக் கொண்டனர்.

கடலில் நீராடாத கரடி

சீயஸ் கடவுள் விரும்பிய கலிஸ்டோ என்னும் நங்கை, அவன் மனைவி ஹீராவின் சினத்தால் கரடியாக மாறினாள் என்பது கிரேக்கத் தொன்மம். வேட்டைக்கு வந்த மகன் ஆர்கஸ், தாயென்று அறியாது அவளைக் கொல்ல முனைந்தான். சீயஸ் இருவரையும் வானில் அமர்த்தினான். ஹீராவோ, அக்கரடி ஒருபோதும் கடலில் இறங்கி நீராடலாகாது எனத் தடைசெய்தாள்.

இத்தடையில் ஒரு வானியல் உண்மை மறைந்துள்ளது. பண்டைக் கிரேக்கத்தில் இவ்வேழு மீன்களும் அடிவானத்தின்கீழ் மறைந்ததில்லை; துருவத்தையே சுற்றிவந்தன. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள தமிழகத்தில் இவை நாள்தோறும் தோன்றி மறைகின்றன. ஆகவே, நீராடாத கரடியின் கதை இங்குப் பிறந்திருக்க இயலாது.

இலைகள் சிவந்த கதை

வட அமெரிக்கத் தொல்குடியினரான மிக்மாக் மக்களும் கிண்ணத்தைக் கரடியாகவே கண்டனர். காம்பு மீன்கள் அதனைத் துரத்தும் வேடர்கள். இலையுதிர்காலத்தில் கரடி வீழ்த்தப்படுகிறது. அதன் குருதி தெறித்து மரங்களின் இலைகள் சிவக்கின்றன. அப்பருவத்தின் மாலை வேளையில் இம்மண்டலம் அடிவானத்தை நோக்கித் தாழ்வதை அவர்கள் கூர்ந்து நோக்கியிருந்தனர்.

ஒரு சிறுமீன்

காம்பின் நடுமீன் வசிட்டர். அதனருகே மங்கலாகத் தெரிவது அருந்ததி. பழந்தமிழ்ப் புலவர் அதனை வடமீன் என்று போற்றிக் கற்புக்கு உவமையாக்கினர். மிக்மாக் மக்கள் அதனை வேடன் சுமக்கும் சமையற்கலமாகக் கண்டனர். அரேபியர் அதனைக் கொண்டு கண்பார்வையின் கூர்மையைச் சோதித்தனர். பொருள்கள் வேறாயினும், அச்சிறுமீனைத் தவறவிடாத கண்கள் எல்லா நிலத்திலும் இருந்தன.

ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அம்மீன்களை இன்று தொலைநோக்கி வழி ஆராய்கிறோம். கருவிகள் இல்லாத காலத்தில், கண்டதை மறவாதிருக்க மனிதன் கண்ட வழியே கதை. தொன்மத்தை அறிவியலாகக் கொள்வது பிழை. பொய்யென ஒதுக்குவது இழப்பு.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊர்ப் பெரியோரிடம் விண்மீன்கள் பற்றிய கதைகளைக் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் பொதிந்துள்ள வானியல் செய்திகளை வகுப்பில் கலந்துரையாடுக.