கோடுகளுள் மறைந்திருக்கும் சொல்



குளிர்காலத்தில் நாம் அணியும் கோடிட்ட கழுத்துச் சால்வை ஒரு கடிதமாகவும் இருக்கலாம். சார்ள்ஸ் டிக்கன்ஸ் 1859இல் வெளியிட்ட ‘இரு நகரங்களின் கதை’ என்னும் நாவலில் மதாம் டிஃபார்ஜ் என்ற பெண், தன் பகைவரின் பெயர்களைப் பின்னலிலே குறிகளாகப் பதிந்து வைக்கின்றாள். இன்று ஆங்கிலத்தில் பின்னுவோர் மோர்ஸ் தந்திக்குறியைக் கையாளுகின்றனர். ஒடுங்கிய கோடு புள்ளியையும் அகன்ற கோடு நீள்குறியையும் உணர்த்தும்.

தமிழில் எழுத்துக்கள் 247 அல்லவா, இது எப்படி இயலும் என்று நீங்கள் வினவலாம். நம் இலக்கணமே அதற்கு வழி காட்டுகின்றது. உயிர் 12, மெய் 18 ஆகிய முதலெழுத்துக்கள் முப்பதின் வரிசையை அறிந்தாற் போதும். உயிர்மெய் 216உம் இவற்றின் சேர்க்கையே. எஞ்சிய ஆய்தத்துக்குக் கறுப்புக்கோடு ஒன்று வைப்போம்.

மெய்யெழுத்துக்கு நீலநூலையும் உயிரெழுத்துக்குச் சிவப்புநூலையும் கொள்வோம். எல்லா நிரைகளையும் ஒரே நேர்ப்பின்னலாகப் பின்னினால், இரண்டு நிரைகளுக்கு ஒரு வரம்பு புடைத்து நிற்கும். அதனைக் கண்ணாலும் விரலாலும் எண்ணலாம். எழுத்தின் வரிசை எண் எதுவோ அத்தனை வரம்புகள் பின்னவேண்டும். ஓரெழுத்து முடிந்து அடுத்தது தொடங்குமுன் வெள்ளை வரம்பு ஒன்றும், ஒரு சொல் முடிந்தால் மூன்றும் இடுக.

‘அம்மா’ என்னும் சொல்லைப் பார்ப்போம். அ முதலாவது உயிர்: சிவப்பு 1. ம் பத்தாவது மெய்: நீலம் 10. மா என்பது ம், ஆ இரண்டும் சேர்ந்தது: நீலம் 10, சிவப்பு 2. இடைவெள்ளை இரண்டையும் கூட்ட, 25 வரம்புகள். அதாவது 50 நிரைகள்.

பெற்றோருக்கு ஒரு சொல். மறைசெய்திக்கு எழுதுபவர் ஒருவர், வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் என இருவர் வேண்டும். வாசிப்பார் இல்லையெனில் அது வெறுங்கோடே. ஊரையும் உடைமையையும் விட்டு வந்த நாம் மொழியை மட்டும் சுமையின்றிக் கொண்டு வந்தோம். ஆயினும், அம்மம்மா கைப்பட எழுதும் வாழ்த்தைப் பேரப்பிள்ளைக்கு வேறொருவர் வாசித்துக் காட்டும் நிலை நம் வீடுகள் பலவற்றில் உண்டு. அப்பிள்ளைக்கு அவ்வெழுத்துக்களும் கோடுகளே. நூலும் ஊசியும் எடுத்துப் பிள்ளையுடன் அமர்ந்தால், எண்ணி எண்ணியே நெடுங்கணக்கு மனத்திற் பதியும். பின்னத் தெரியாதோர் கட்டத்தாளில் வண்ணம் தீட்டலாம்.

பயிற்சி

1. சிவப்பு 6, வெள்ளை 1, நீலம் 12. இச்சொல் யாது?

2. விடையைக் கண்டபின், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது எது எனக் கேட்டு, அதன் பெயரைக் கோடுகளாக வரைந்து அடுத்த வகுப்புக்குக் கொண்டு வருக.